வாயில் வைத்துத் துப்பிய ஒயின்

எனக்கு ஒயின் கம்பெனியில் வேலை கிடைத்தபோது வீட்டில் யாரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஐந்தாவது சீலம் என்ன ஆகும் என்றுதான் அப்பா கேட்டார். பெங்களூர் மர்பி டவுனில் எங்களுடையது பௌத்தக் குடும்பம். அப்பா தினமும் குளித்துவிட்டு வந்து புத்தர் படத்துக்கு முன்னால் நின்று பஞ்சசீலம் சொல்வார். கொல்லாமை, திருடாமை என்று வரிசையாக வந்து மது அருந்தாமையில் முடியும். அந்தக் கடைசி சீலத்தை மட்டும் குரலை உயர்த்திச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்று. அந்த மனிதர் சம்பள நாளன்று எங்கள் வாசலைத் தன் வாசல் என்று நினைத்துப் படுத்துவிடுபவர்.

"எம்எஸ்சி படிச்சிட்டு சாராயக் கம்பெனிக்கா போவ? இன்னாம்மா இது?" என்றார் அப்பா.

"சாராயம் இல்லப்பா, ஒயின். அதுவும் நான் குடிக்கப் போறதில்ல. லேப் வேலை. வாயில வச்சுப் பார்த்துட்டு துப்பிடணும்."

"துப்பிடுவியா?"

"ஒரு சொட்டு விழுங்க மாட்டேன்."

அப்பா ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளர். வாயில் வைத்து எடுக்கிற சமாச்சாரம் அவருக்குப் பழக்கம்தான். "தெர்மாமீட்டர் மாதிரின்னு வச்சுக்கலாம். வயித்துக்குப் போகாத வரைக்கும் சீலம் போகாது" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் ஜூஸ் கம்பெனி என்றாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். அவர்களில் ஒருவர் தன் கல்யாணத்துக்கு இரண்டு கேஸ் ஜூஸ் சலுகை விலையில் கிடைக்குமா என்று கேட்டார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் ஒரு நாளும் மீறவில்லை. மருந்துக் கம்பெனிகளின் வாசலைத் தேய்த்து அலுத்துப்போய்த்தான் அந்த வேலைக்குப் போனேன் என்றாலும், போன பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஹலசூரில் வேன் ஏறினால் யலஹங்கா தாண்டி, தொட்டபள்ளாபுரா சாலையில் ஒரு நீளமான ஷெட்டில் கொண்டு போய் விடும். உள்ளே வரிசையாக எஃகு டேங்குகள். ஷெட்டின் கோடியில் லேப். லேப்பை ஒட்டி வெள்ளையடித்த ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, அதன் கீழே துப்புவதற்கு ஆளுக்கொரு வாளி. அதுதான் ருசி பார்க்கும் அறை.

அந்த அறைக்கு என்று ஒரு ஆசாரம் இருந்தது. ருசி பார்க்கிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. மல்லிகைப்பூ கூடாது. பவுடர் கூடாது. காலையில் காபி கூடாது, ரசம் கூடாது, ஊறுகாய் என்று வாயால் சொல்லவே கூடாது. சளி பிடித்தவர்கள் உள்ளே வரக் கூடாது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மொட்டைத் தலையாக வேலைக்குப் போகிறாளே என்று அம்மா புலம்புவாள். பையில் ஒரு முழம் பூவைச் சுருட்டிப் போட்டு விடுவாள். வேனில் வரும் அக்கவுண்ட்ஸ் அக்கா அதை வாங்கி டிரைவருக்கு முன்னால் இருக்கும் சாமி படத்துக்குப் போட்டுவிடுவார். அவரும் ருசி பார்க்கும் குழுவில் இருந்தார். ஆகவே அவர் தலையிலும் பூ இல்லை.

சுவரில் ஒரு வட்டமான படம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒயினில் வரக்கூடிய வாசனைகளையெல்லாம் வட்டத்துக்குள் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கும். ப்ளாக்கரண்ட் பழம், செடார் மரம், வயலட் பூ. எனக்கு எதுவுமே தெரியாது. சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடிக் கிளாஸை மோந்து பார்த்துவிட்டு "நாவற்பழம்" என்று எழுதினேன். இன்னொன்றுக்கு "கருப்பட்டி". என் தாளைப் பார்த்த வெளிநாட்டு ஆலோசகர் மிக மரியாதையாகச் சிரித்தார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவர் அவர். வட்டத்தில் இருக்கிற சொற்களைத்தான் எழுத வேண்டும், அப்போதுதான் உலகத்தில் எங்கே இருக்கிறவரும் ஒரே பொருளைப் புரிந்துகொள்வார் என்று விளக்கினார். அந்த வாரமே நான் பிரிகேட் ரோடுக்குப் போய் ப்ளாக்கரண்ட் ஜாம் ஒரு பாட்டில் வாங்கி வந்து, தினமும் காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்த்துப் பாடம் பண்ணினேன். பரீட்சைக்குப் படிக்கிற புத்தி எங்கே போகும்? ஆறு மாதத்தில் குழுவிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

குழு சோம்பேறித்தனமாக மார்க் போடுகிறது என்று சந்தேகம் வந்ததும் ஒரு விதியைக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் வைக்கிற கிளாஸ்களுக்கு நடுவே, யாரிடமும் சொல்லாமல், கடைக்குப் போகிற எங்கள் வழக்கமான ஒயினும் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சரியான மார்க் போடுகிறவரின் நாக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். கூடவே இன்னொரு விதி: ஒயினைச் செய்தவர், குழுவின் முன் வைப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதை ருசி பார்க்கக் கூடாது. சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டு மார்க் போடலாமா? எந்தக் கிளாஸ் எது என்று தெரிந்த பிறகு மறுபடி மார்க் போடக் கூடாது என்பது மூன்றாவது. முதலாளி மூன்று விதிகளையும் டைப் அடித்துச் சுவரில் மாட்டினார்.

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டியதும் ஊரே ஒயின் குடிக்க ஆரம்பித்தது. அதுவரை ரம்முக்கு இளைய தம்பி போல இனிப்பாக ஒன்றை விற்று வந்தோம். இப்போது அது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. திருச்சியிலிருந்து ஒரு சேல்ஸ் மேனேஜர் வந்து சேர்ந்தார். என்னைவிட இளையவர், முன்பு சோப்புக் கம்பெனியில் இருந்தவர். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"மேடம், வைட்ஃபீல்ட்ல ஒரு ஐடி பையன் புதுசா ஃப்ளாட் வாங்கறான். ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிடறான். நம்ம பாட்டிலை வாங்கி மேஜைல வைக்கறான். போன தடவை குடிச்ச மாதிரியே இந்தத் தடவையும் இருக்கணும். இல்லைன்னா அவனுக்கு அசிங்கம். சோப்பு மாதிரிதான். பிரிச்சா அதே வாசனை வரணும்."

"சோப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லியா? ஒரு வருஷம் மழை ஜாஸ்தி, ஒரு வருஷம் கம்மி. ஒரு தோட்டம் மேடு, ஒரு தோட்டம் பள்ளம். எப்படி ஒரே மாதிரி வரும்?"

"அதை ஒரே மாதிரி ஆக்கறதுக்குத்தானே மேடம் உங்களுக்கு லேப்?"

அவர் சொன்னது உண்மைதான். சாற்றைப் புளிக்கவைக்க எல்லா டேங்குக்கும் ஒரே ரக பாக்கெட் ஈஸ்ட் போட்டேன். பீப்பாய் வாசனைக்காக எல்லாவற்றிலும் ஓக் மரச் சில்லுகளைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டேன், டீ பேக் போல. புளிப்பு கூடினால் குறைத்தேன், குறைந்தால் கூட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெரிய டேங்கில் கலந்தால் வைட்ஃபீல்டுக்கான ஒயின் தயார். ஹைதராபாத்தில் யாரோ செய்ததும் நாசிக்கில் யாரோ செய்ததும் எங்களுடையதும் மூடியைத் திறந்தால் அக்கா தங்கைகள் மாதிரி இருந்தன. எத்தனை வருடம் வேலை செய்து என்ன? ஒரு பாட்டிலையாவது காட்டி, இது நான் செய்தது, இது வேறெங்கும் கிடைக்காது என்று சொல்ல முடியவில்லை. வேனில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. எழுந்து நிற்பேன், டிரைவர் திட்டுவார், உட்காருவேன்.

அந்த வருடம்தான் பெங்களூர் ப்ளூ திராட்சையை இனி வாங்க வேண்டாம் என்று முதலாளி முடிவெடுத்தார். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தள்ளுவண்டியில் கருநீலமாகக் குவிந்து கிடக்கும் அதே பழம்தான். தோல் தடிப்பு, உள்ளே கொழகொழவென்று சதை, கொட்டை. தெரு முனையில் வண்டி திரும்பும்போதே வாசனை வந்துவிடும். அந்த வாசனைக்கு வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் நரி வாசனை என்று பெயர். எங்கள் சுவரில் இருந்த வட்டத்தில் அது 'குறைகள்' என்ற பகுதியில் இருந்தது. நான் நரியைத் தூரத்தில் இருந்துகூடப் பார்த்ததில்லை, மோந்து பார்ப்பது எங்கே.

எங்களுக்குப் பெங்களூர் ப்ளூ கொடுத்து வந்தவர்களில் ஒரு விவசாயி, எங்கள் ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோட்டம் வைத்திருந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு கம்பெனி கொடுக்கும் வெளிநாட்டு ஒட்டுக் கன்றுகளை நட்டால் தொடர்ந்து வாங்கிக்கொள்வோம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. அவருடைய பந்தலின் கீழே நின்று கொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. நேராக முதலாளியிடம் போனேன்.

"இந்தப் பழத்துல ஒரு டேங்க் மட்டும் எனக்குக் குடுங்க சார். பாக்கெட் ஈஸ்ட் இல்லாம, ஓக் இல்லாம, அதுக்கு எப்படி வருதோ அப்படி விட்டுப் பார்க்கறேன். நல்லா வந்தா தனியா பாட்டில் பண்ணலாம். அந்த ஆளும் கொடியைப் பிடுங்க வேணாம்."

முதலாளி நல்ல மனிதர். ஷெட்டின் ஓரத்தில் இருந்த சின்ன டேங்கைக் கொடுத்தார். நிபந்தனை நேரானது. குழுவின் சராசரி பாஸ் மார்க்கைத் தொட்டால் தனி லேபிள், தனி பாட்டில், தோட்டம் தப்பும். தொடாவிட்டால் ஓரத்து டேங்க் பெரிய டேங்கோடு கலக்கப்படும், கொடிகளைப் பிடுங்க வேண்டியதுதான்.

அந்தச் சில மாதங்கள் நான் நிலைகொள்ளாமல் திரிந்தேன். பழத்தின் தோலில் இருந்த ஈஸ்ட்டே வேலையை ஆரம்பிக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை, மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். பிறகு ஒரு காலையில் டேங்கில் காதை வைத்தால் முணுமுணுவென்று சத்தம். ஏணியில் ஏறி மேல்மூடியைத் திறந்து குனிந்தேன். வெதுவெதுப்பாக முகத்தில் அடித்த அந்த வாசனையில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை காரணமாக இருக்கலாம் என்று சேல்ஸ் மேனேஜர் கீழேயிருந்து கிண்டல் செய்தார். எந்தப் புகை? போ ஐயா உன் சோப்பைப் பார்த்துக்கொண்டு என்று மனதுக்குள் சொன்னேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஜூஸ் கெட்டுப் போச்சாடி?" என்றாள் அம்மா. கெடவில்லை, நன்றாக வந்துகொண்டிருந்தது. பொங்கி அடங்கி, தெளிந்து, வடிகட்டிய பிறகு என் விதிப்படியே நான் அதிலிருந்து விலகி நின்றேன். பக்கத்தில் போகும்போது கையால் டேங்கைத் தொட்டுவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

குழு கூடிய அன்று, அதில் இருந்த உற்பத்திப் பிரிவுத் தலைவருக்கு ஜலதோஷம். அவருக்குப் பதிலாக சேல்ஸ் மேனேஜரை உட்கார வைத்தார் முதலாளி. எனக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆயிற்று. சோப்பு விற்றவன் என் டேங்குக்கு மார்க் போடுவதா? அவருக்குக் கிளாஸைச் சுழற்றக்கூடத் தெரியவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடிப்பது போல் பிடித்தார்.

வரிசையாக ஐந்து கிளாஸ்கள், குளிரூட்டி எடுத்து வந்தவை. பெயர் இல்லை, எண் மட்டும். என் டேங்கை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பெற்றவளுக்கு அழுகைக் குரல் தெரியாதா? முதல் கிளாஸ் சாதாரணம். இரண்டாவது கிளாஸை மோந்ததும் உடம்பு சிலிர்த்தது. வழவழவென்று, எந்தப் பக்கமும் துருத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு வாசனையும் அதனதன் இடத்தில் இருந்தது. வந்துவிட்டது, நான் நினைத்ததைவிட நன்றாக வந்துவிட்டது என்று நினைத்தேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அரை மார்க்கைக் குறைத்து, அப்படியும் தாளிலேயே உயர்ந்த மார்க்கைப் போட்டேன். மூன்றாவது பரவாயில்லை. நான்காவதை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தேன். ஏதோ ஒன்று முன்னால் வந்து நின்று கத்தியது. துப்பினேன். 'குறை: நரி வாசனை. அடக்கம் இல்லை' என்று எழுதி அடிமட்டமாக ஒரு மார்க்கைப் போட்டேன். ஐந்தாவதைப் பார்க்க எனக்குப் பொறுமையே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று வாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி தாள்களை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நாலாவது கிளாஸ்தான்மா உங்க டேங்க்."

"சார், இருக்காது. ரெண்டாவது..."

"ரெண்டாவது நம்ம ரெகுலர். கடைக்குப் போறது. நீங்க சொன்ன ரூல்படி உள்ள வச்சோம்."

அவர் சராசரியை மறுபடி கூட்டிப் பார்த்தார். மற்றவர்கள் போட்டது பாஸ் மார்க்கை ஒட்டியே இருந்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா நன்றாகவே போட்டிருந்தார். என் மார்க் ஒன்றுதான் அதைக் கீழே இழுத்திருந்தது. நான்காவது கிளாஸுக்கு யார் அதிக மார்க் போட்டது என்று கேட்டேன்.

"நான்தான் மேடம்" என்றார் சேல்ஸ் மேனேஜர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "விக்கறது கஷ்டம்தான். ஆனா பிடிச்சிருந்துச்சு. அஞ்சுல அது ஒண்ணுலதான் திராட்சை வாசனை வந்துச்சு."

இன்னொரு முறை ருசி பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். பெயர் தெரிந்த பிறகு மறுபடி மார்க் போடக் கூடாது என்பதும் என் விதிதான், சுவரில் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் மேல் குனிந்து வெதுவெதுப்பாக மோந்தது வேறு, குளிர்ந்த கிளாஸில் வருவது வேறு என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த ஒயின் மாறவில்லை. பிரிகேட் ரோடு ஜாம் பாட்டிலை மோந்து மோந்து நான்தான் மாறியிருந்தேன். அது எனக்குத் தெரியாமலே நடந்திருந்தது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஓரத்து டேங்கை பம்ப் வைத்துப் பெரிய டேங்கில் கலந்தார்கள். கலந்த பிறகு நான்தான் சோதித்துப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "விழுங்கலையே?" என்றார். இல்லை என்றேன். "அப்போ விடும்மா, தப்பில்ல" என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

அடுத்த காய்ப்பு முடியும் நேரத்தில் அந்த விவசாயியின் தோட்டத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தின் மறுகோடியில் இரண்டு ஆட்கள் கடப்பாரையால் கொடிகளை நெம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பந்தலில் பறிக்காமல் விட்ட சில குலைகள் இன்னும் தொங்கின. அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை ஆட்டிவிட்டார். "பேஜார் மாட்கோபேடி மேடம்" என்றார், வருத்தப்படாதீர்கள் என்று. புதுக் கன்றுகளின் பழத்துக்குக் கூடுதல் விலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். என் மார்க்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எட்டி ஒரு குலையை ஒடித்து என் கையில் வைத்தார். "தின்னி மேடம்."

ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். தோல் கழன்று சதை நாக்கில் விழுந்தது. நாக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினேன். மூக்கு வழியாகக் காற்றை இழுத்தேன். பிறகு பக்கவாட்டில் குனிந்து எல்லாவற்றையும் துப்பினேன்.

மண்ணில் விழுந்த சதையை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். காலடியில் வாளி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாக்கே மேடம், சென்னாகில்வா?" என்றார். நன்றாக இல்லையா என்று கேட்கிறார்.

"சென்னாகிதே" என்றேன். நன்றாகத்தான் இருக்கிறது.

"மத்தே யாக்கே உகுளித்ரி?"

அப்புறம் ஏன் துப்பினீர்கள் என்கிறார். இன்னொரு பழத்தை வாயில் போட்டு, மெல்லாமல், தோலும் கொட்டையுமாக அப்படியே விழுங்கினேன். தொண்டையை அடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. மறுகோடியில் அடுத்த வரிசையின் கொடிகளை நெம்ப ஆரம்பித்திருந்தார்கள்.